மிஷினக்காவும் மொட்டைக் காரும்

கள்ளக்குறிச்சியில் யாருக்கும் வழிவிடாத ஜீவன்கள் இரண்டு. ஒன்று, சேலம் ரோட்டின் நடுவில் படுத்து அசை போடும் எருமை. இன்னொன்று, மிஷினக்கா. இரண்டும் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். எருமைதான் எழுந்து போனது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஊரில் யாருக்கும் அது ஞாபகமில்லை. கல்யாணப் பத்திரிகையின் உறை மேலேயே ‘மிஷினக்கா அவர்கள்’ என்றுதான் எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வங்கி வேலையில் மாற்றலாகி அந்த ஊருக்குப் போனபோது, நானும் என் மனைவியும் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தோம். கீழே வீடு, வீட்டை ஒட்டி ஒரு பெரிய கொட்டகை. கொட்டகைக்குள் நெல் அறுக்கும் மிஷின்கள். ஒவ்வொன்றும் எங்கள் மாடி வீட்டைவிடச் சற்றுப் பெரிது. காலையில் அக்கா ஒரு மிஷினை ஸ்டார்ட் செய்தால், எங்கள் சமையலறை டம்ளர்கள் அலமாரியில் வரிசை மாறி நிற்கும்.

புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. இதுதான் அக்காவின் உடுப்பு. வயலுக்கும் இதுதான், கலெக்டர் ஆபீசுக்கும் இதுதான். ஆள் வைத்து ஓட்டும் வசதி வந்த பிறகும் ஒரு மிஷினைத் தானே ஓட்டுவார். வருஷக்கணக்கில் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பழகியதால் அவருக்கு ஒரே ஒரு குரல்தான் உண்டு. இன்ஜினைத் தாண்டிக் கேட்கிற குரல். ஒருநாள் அக்கா என் மனைவியிடம் யார் வீட்டு ரகசியத்தையோ, “யாருக்கும் தெரியக்கூடாது” என்று சொல்லிவிட்டுச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்து, “அது பெரிய பொண்ணு இல்லக்கா, சின்னப் பொண்ணு” என்று திருத்திவிட்டுப் போனாள்.

எங்கோ தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக்குப் போன மிஷின் நடுவயலில் நின்றுவிட்டால், ஓட்டுகிறவர் அக்காவுக்குத்தான் போன் செய்வார். “போனை மிஷின்கிட்ட கொண்டுபோடா” என்பார் அக்கா. பிறகு மிஷினிடமே நேராகப் பேசுவார். “இன்னாடி ஆச்சு ஒனக்கு? சோறு தண்ணி இல்லாமலா அனுப்பிச்சேன்? ஒழுங்கா கெளம்பு.” கிளம்பிவிடும். இதை நான் நம்பவில்லை. மூன்றாவது தடவை என் காதால் கேட்ட பிறகு நம்பினேன். பயத்தில் எதுவும் கிளம்பும்.

அக்காவின் கணவர் சிறு வயதிலேயே போய்விட்டார். விட்டுப் போனது ஒரு பழைய டிராக்டர். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் தம்பி ஏழுமலை சாவுக்கு வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. டிராக்டரை அக்கா ஓட்ட, பக்கத்து மட்கார்டில் தம்பி உட்கார, இருவருமாக ஊர் ஊராக ஏர் ஓட்டப் போனார்கள். அந்த டிராக்டர்தான் பிறகு மிஷின்களாகப் பெருகியது. ஏழுமலைக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தும் அந்தப் பழக்கம் மாறவில்லை. அக்கா எங்கே போனாலும் அவர் பக்கத்தில் எதையாவது பிடித்துக்கொண்டு தொற்றியபடி போவார். அதிகம் பேச மாட்டார். வீட்டின் மொத்தக் குரலையும் அக்காவே எடுத்துக்கொண்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட அக்கா, அறுப்பு முடிந்த ஒரு சாயங்காலம் என்னை மாடியிலிருந்து கூப்பிட்டு, கையில் போனை நீட்டினார்.

“தம்பி, நீங்க பட்டணத்து ஆளு. இதுல எது நல்லாக்கீதுன்னு சொல்லுங்க.”

இரண்டு கார்களின் படம். ஒன்று கறுப்பு. நாலு கதவு, முறைத்துப் பார்க்கிற முகம், டர்போ இன்ஜின், பந்தயத்துக்கென்றே செய்தது மாதிரி ஒரு பதுங்கல். இன்னொன்று சிவப்பு. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, மேலே கூரையே கிடையாது. வேண்டுமானால் மூடிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். இரண்டும் பெரிய பணக்காரர் யாரோ சென்னையில் கொஞ்ச நாள் ஓட்டி அலுத்துப்போனவை.

“யாருக்குக்கா?”

“எனக்குத்தான். பின்ன எருமைக்கா வாங்குவாங்க?”

அந்த ஊரில் கார் என்றால் ஏழு பேர் உட்கார்ந்து, எட்டாவது ஆளையும் அமுக்கி ஏற்றி, திருவண்ணாமலைக்குப் போகும் வெள்ளை வண்டிதான். ஏதாவது கேட்கவேண்டுமே என்று, “டர்போன்னா என்னங்க்கா?” என்று கேட்டுவைத்தேன்.

“நம்ம மிஷின்லயும் இருக்குதே. இன்ஜின்லேர்ந்து பொக வெளிய போவுதுல்ல, அத்த சும்மா போகவுடாம, போறப்ப ஒரு காத்தாடிய சுத்தவெச்சி, அந்த வேகத்துல இன்ஜினுக்கு இன்னும் ஜாஸ்தி காத்த உள்ள தள்றது. நம்ம சொந்தக்காரங்க மாதிரி. கெளம்பறவன சும்மா அனுப்ப மாட்டாங்க, ஒரு வேல வாங்கிக்கினுதான் அனுப்புவாங்க.”

இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

பக்கத்தில் நின்ற ஏழுமலை போனை வாங்கி, சிவப்புக் காரின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மேல ஒண்ணும் இல்லையேக்கா. மொட்டையா கீது. வெயில்ல உட்டா சீட்டுல வடாம் காயவெக்கலாம்” என்றார். அன்றிலிருந்து அதற்கு மொட்டைக் கார் என்று பெயர்.

விஷயம் ஊருக்குள் பரவ இரண்டு டீ போதுமானதாக இருந்தது. கள்ளக்குறிச்சி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சலூனில் டர்போ கட்சிக்காரருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த மொட்டைக் கட்சிக்காரர், வாதம் முடியும்வரை பாதி மீசையோடு அவரை உட்காரவைத்திருந்தார். கல்யாண மண்டபத்துக்காரர் ஓடி வந்து, “மொட்டையே வாங்குக்கா, மாப்பிள்ள ஊர்வலத்துக்கு அம்சமா இருக்கும்” என்றார். சொந்தக்காரர்கள் மட்டும் பிரியவே இல்லை. ஒருவர் விடாமல் டர்போ. நாலு கதவு, ஐந்து சீட்டு. ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு சித்தப்பா முறைக்காரர் பஸ் ஏறி வந்து, பின் சீட்டில் உட்கார்ந்தால் தனக்குத் தலை சுற்றும், முன் சீட்டு தனக்கு வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டுச் சாப்பிட்டுப் போனார்.

“ரெண்டையும் இங்க எடுத்தாரச் சொல்லிக்கிறேன்” என்றார் அக்கா. “ஓட்டிப் பாக்காம மாட்டுக்கே விலை பேச மாட்டோம்.”

இரண்டு கார்களும் லாரி மேல் ஏறி வந்தன. கூடவே சென்னையிலிருந்து விற்பனையாளர் ஒருவர், கோட்டும் டையுமாக. அந்த வெயிலில் கோட்டைப் பார்த்ததும் தெருவே அவர்மேல் இரக்கப்பட்டு நீர்மோர் கொடுத்தது. கடைசிவரை அவர் பெயரை யாரும் கேட்கவில்லை. கோட்டுத் தம்பி என்றே கூப்பிட்டோம்.

முதலில் டர்போ. தியாகதுருகம் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். அக்கா ஸ்டியரிங்கில். முன் சீட்டில் ஏறப்போன ஏழுமலையை, எங்கிருந்தோ முளைத்த ரிஷிவந்தியம் சித்தப்பா ஒதுக்கிவிட்டு ஏறிக்கொண்டார். ஏழுமலை ஒன்றும் சொல்லாமல் பின்னால் வந்து, எனக்கும் கோட்டுத் தம்பிக்கும் நடுவில், முழங்கால்களை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“மேடம், மெதுவா அழுத்துங்க” என்றார் கோட்டுத் தம்பி.

அக்காவின் கால், நெல் மிஷினின் பெடலை மிதித்து வளர்ந்த கால். மெதுவாகத்தான் அழுத்தினார். அடுத்த கணம் என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வயிறு மட்டும் கள்ளக்குறிச்சியிலேயே நின்றுவிட்டது. “அதோ தியாகதுருகம் மலை” என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லி மூடும்போது மலை பின்னால் இருந்தது. சித்தப்பா வாயில் வெற்றிலை போட்டிருந்தார். அவர் அதைத் துப்பியதை யாரும் பார்க்கவில்லை. விழுங்கியிருக்க வேண்டும்.

திரும்பி வந்து நின்றபோது ஏழுமலையின் கண் கலங்கியிருந்தது. “யக்கா, வண்டின்னா இதான் வண்டி. முடிச்சிடு” என்றார்.

“சிங்கந்தான்” என்றார் அக்கா. “ஆனா இன்னாடா இது, ரோட்டோரம் நம்ம ஊரு ஆளு ஒருத்தன் கும்புடு போட்டான். யாருன்னு பாக்கறதுக்குள்ள துருகம் போய்ட்டேன். கண்ணாடிய ஏத்திட்டா வெளிய ஒரு சத்தங் கேக்கல. ஊறுகா ஜாடியில போட்டு மூடின மாதிரி கீது.”

அடுத்தது மொட்டை. இதை மலையில் ஓட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. கோட்டுத் தம்பி ஒரு பொத்தானைக் காட்ட, அக்கா அழுத்தினார். கார் தன் கூரையைத் தானே தூக்கி, மடித்து, பின்பக்கம் வைத்து மூடிக்கொண்டது. கூட்டத்தில் விசில் பறந்தது. ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“தம்பி, நீங்க ஏறுங்க” என்றார் அக்கா என்னிடம். டர்போவை எடுத்துக்கொண்டு கோட்டுத் தம்பியும் ஏழுமலையும் பின்னால் வருவதாக ஏற்பாடு. சித்தப்பா, மலை தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சாப்பிடப் போய்விட்டார்.

கச்சிராயபாளையம் வரை ஊர்வலம்தான். தெரிந்தவர்கள் ஒருவர் விடாமல் கும்பிட்டார்கள். அக்கா ஒருவர் விடாமல் பேர் சொல்லி விசாரித்தார். அவர் குரலுக்குக் கூரையில்லாத கார் எவ்வளவு பொருத்தம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒரு வளைவில் குரங்குக் கூட்டம். எதிரே லாரி வந்ததால் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. கூரை இல்லாததைக் கண்ட ஒரு பெரிய கடுவன், சாவகாசமாக நடந்து வந்து எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அக்கா அதைத் திரும்பிப் பார்த்தார். “எறங்கு” என்றார்.

இறங்கியது. இறங்கும்போது என் முழங்காலில் கால் படாமல் பார்த்து இறங்கியது.

அதற்கு மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது. இரண்டு பக்கமும் மரம், மேலே வானம். மிஷினக்கா வாயை மூடிக்கொண்டு வந்ததை நான் வாழ்க்கையில் பார்த்தது அன்றுதான். வளைவுகளில் அந்தக் காரை அவர் திருப்பியது, பெரிய வேகமில்லை, ஆனால் தண்ணீர் திரும்புகிற மாதிரி இருந்தது. நெடுநேரம் கழித்துச் சொன்னார்:

“இத்தினி வருசமா மிஷின்ல ஒக்காந்து பதரும் தூசியுமாத் தின்னவ நான் தம்பி. ராத்திரி மூக்கச் சிந்துனா நெல்லு வரும். தூசி இல்லாத காத்து மூஞ்சில அடிச்சா எப்டி இருக்கும்னு ஒரு தபா பாக்கணும்னு இருந்துச்சு.”

“எப்படிக்கா இருக்கு?”

அக்கா தலைத் துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். நரைத்த முடி பறந்தது.

கரியாலூர் டீக்கடையில் நாலு பேரும் சேர்ந்தோம். ஏழுமலை ஆவலாக வந்தார். “டர்போதானேக்கா?”

“இல்லடா. மொட்டதான்.”

“ரெண்டே சீட்டுக்கா.”

“எண்ணத் தெரியும்.”

“நாங்கல்லாம் எங்க ஒக்கார்றது?”

“ஒங்கள ஏத்திக்கினு போவத்தான் டிராக்டர் கீதே. டிரெய்லர் மாட்டுனா ரிஷிவந்தியமே ஏறலாம்.”

டீக்கடை மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஏழுமலை சிரிக்கவில்லை. டம்ளரை மெதுவாக வைத்தார். “செரிக்கா” என்றார். எதிரே கள்ளக்குறிச்சி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. நடந்து போய் அதில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். பஸ் கிளம்பிவிட்டது.

அக்காவின் முகம் போன போக்கை நான் அதுவரை பார்த்ததில்லை. “ஏறுங்க தம்பி” என்றார்.

மலைப் பாதையில் பஸ்ஸை முந்த முடியாது, முந்தவும் கூடாது. ஆனால் பஸ் ஊருக்கு ஊர் நிற்கும். நின்ற முதல் இடத்திலேயே, ஏழுமலையின் ஜன்னலுக்குக் கீழே மொட்டைக் கார் போய் நின்றது. கூரை இல்லாததால் அக்கா உட்கார்ந்தபடியே அண்ணாந்து பேச முடிந்தது.

“டேய் ஏழுமல, எறங்கு.”

ஏழுமலை நேராகப் பார்த்தபடி, “டிக்கெட் எடுத்துட்டேன்” என்றார். பஸ் கிளம்பியது.

அடுத்த நிறுத்தம். “எடுத்த டிக்கெட்ட கண்டக்டர்கிட்டக் குடுத்துட்டு எறங்குடா.”

கண்டக்டர் தலையை நீட்டினார். “கிழிச்ச டிக்கெட்ட வாங்க மாட்டோம்க்கா.”

பலாப்பழ மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், “இன்னாம்மா தகராறு?” என்று கேட்டார். அக்கா ஆதியிலிருந்து தொடங்கினார். சென்னைப் பணக்காரர், டர்போ, காத்தாடி எல்லாம் வந்தது. பஸ் முழுக்கக் கேட்டது. பின்னால் டர்போவில் வந்துகொண்டிருந்த கோட்டுத் தம்பிக்குக் கண்ணாடி ஏற்றியிருந்ததால் கேட்கவில்லை. பாவம், என்ன நடக்கிறதென்றே தெரியாமல் ஹாரன் அடித்தார். “நான் இன்னா சொன்னேன்னா…” என்று அக்கா முக்கியமான இடத்துக்கு வந்தபோது பஸ் மறுபடி கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு பஸ் நின்ற இடம் எந்த ஊருக்கும் நிறுத்தம் இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், அகலமான ஒரு ஓரம். டிரைவருக்கு மீதியைக் கேட்க வேண்டியிருந்தது.

“சொல்லுக்கா” என்றார் டிரைவர்.

“டிரெய்லர்னு வெளையாட்டுக்குச் சொன்னேன்டா” என்றார் அக்கா, தம்பியைப் பார்த்து.

ஏழுமலை முதல் முறையாகத் திரும்பினார். “வெளையாட்டா? ஊருபட்ட சனம் சிரிக்குது. மாமா போனப்ப ஒன் பக்கத்துல டிராக்டர் மட்கார்டுல யாரு ஒக்காந்தது? மழையிலயும் வெயில்லயும் யாரு ஒக்காந்துக்கினு வந்தது? இப்ப எனக்கு டிரெய்லரா?”

அக்கா இன்ஜினை அணைத்தார். அவருக்கு இன்னொரு குரல் இருந்ததென்பது அப்போதுதான் தெரிந்தது.

“மடையா. ரெண்டு சீட்டுல ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு யாருக்குன்னு நெனச்ச?”

ஏழுமலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“காலைல பாத்தியா? டர்போல நீ எங்க ஒக்காந்த? நடுவுல, கால மடக்கிக்கினு. அஞ்சு சீட்டு வாங்குனா சித்தப்பன் வருவான், மச்சான் வருவான், எவனாச்சும் முன்னாடி ஏறிக்குவான். நீ ஒண்ணும் சொல்லாம பின்னாடி போயிடுவ. நீ எதையாச்சும் புடிச்சிக்கினு தொத்திக்கினே வந்தவன்டா. ஒனக்குன்னு ஒரு சீட்டு. அதுல வேற எவனும் ஒக்கார முடியாது. அதுக்குத்தான்டா மொட்ட.”

பலாப்பழப் பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். டிரைவர் கண்ணாடியில் எதையோ சரிசெய்தார். ஏழுமலை எழுந்து, பஸ்ஸின் நடுவே நடந்து, படியிறங்கி வந்து காரின் பக்கத்தில் நின்றார்.

அப்போது எல்லோருடைய கண்களும் என்மேல் திரும்பின. ஏனென்று எனக்கு உடனே புரியவில்லை. பிறகு பார்த்தால், அவருடைய சீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

பதறி இறங்கினேன். பின்னால் நின்ற டர்போவின் ஞாபகம்கூட வரவில்லை; நேராக பஸ்ஸில் ஏறினேன். “ஏழுமல டிக்கெட்டே இருக்குது, ஒக்காருங்க சார்” என்றார் கண்டக்டர்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கீழே, வளைவுக்கு வளைவு, அந்தச் சிவப்புக் கார் தெரிந்து மறைந்தது. இரண்டு தலைகள். ஒன்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. மற்றது சீட்டில் நன்றாகச் சாய்ந்து, எதையும் பிடித்துக்கொள்ளாமல், வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். தேர் போவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மொட்டையே வந்து சேர்ந்தது. நெல் மிஷின்களுக்கு நடுவே, யானைக்கூட்டத்தில் வழிதவறிய சிவப்பு முயல் மாதிரி நின்றது. ரிஷிவந்தியம் சித்தப்பா ஒரு மாதம் பேசாமல் இருந்தார். வீட்டில் அரிசி மிச்சமானது. கல்யாண மண்டபத்துக்காரரின் தொல்லை தாங்காமல் ஒரே ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மட்டும் வண்டி போயிற்று. அக்காவேதான் ஓட்டினார். ஊர் முழுக்க அக்காவுக்குத்தான் கையசைத்தது. மாப்பிள்ளையை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, சின்னசேலம் ஸ்டேஷனுக்கு என் மனைவியை மொட்டைக் காரில் அக்கா அழைத்துப் போனார். நானும் ஏழுமலையும் பீரோ, கட்டிலோடு மினி லாரியில் போனோம். ரயில் நகரும்போது அக்கா ஏதோ சொன்னார். ரயில் சத்தத்தையும் மீறிக் கேட்கிற குரல்தான் அது. ஆனால் அன்று அவர் மெல்லச் சொன்னார், கேட்கவில்லை.

இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவையாவது போன் செய்கிறார். “தம்பி, மலைல மழ. பயிரு பச்சக்கட்டிக்கீது” என்பார். வேறு விசேஷம் ஒன்றும் இருக்காது. அவர் பேர் போனில் தெரிந்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுகிறேன். மரியாதை என்று என் மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள். மரியாதைதான். ஆனால் அவர் பேரைப் பார்த்ததும், இன்னும் ஏழுமலையின் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேனோ என்று தோன்றிவிடுகிறது.